மலைக்காட்டுக்குள் போன பல்சக்கரம்

மரக்கட்டை ஏற்றிய வண்டி மேட்டில் ஏறும்போது குதிரைக்குப் பாரம். சரிவில் இறங்கும்போது அதே வண்டி குதிரைக்கு எமன். 1870களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், காடிலாக் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹேரிங் என்ற சிற்றூரில், எஃப்ரைம் ஷே என்ற மரவியாபாரி இதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டிய மரத்தை அறுவை ஆலைக்குக் கொண்டுவர அவர் காட்டுக்குள் மரத்தாலேயே ஒரு தண்டவாளம் போட்டிருந்தார். சமவெளியில் குதிரைகள் வண்டியை இழுத்தன. இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்து, முன்னால் ஓடும் குதிரைகளின் மேலேயே ஏறிவிட்டது.

அந்தக் காலத்து மிச்சிகன் மரவெட்டிகள் பனியை நம்பித் தொழில் செய்தவர்கள். குளிர்காலத்தில் மரத்தை வெட்டி, உறைந்த தரையில் சறுக்குவண்டியில் இழுத்து ஆற்றங்கரையில் அடுக்குவார்கள். வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் வரும்போது கட்டைகளை ஆற்றில் உருட்டிவிடுவார்கள். பனி ஒழுங்காக விழாத வருடத்தில் வெட்டிய மரம் காட்டிலேயே கிடக்கும், கடன் கழுத்தை நெரிக்கும். தண்டவாளம் போட்டால் பன்னிரண்டு மாதமும் மரம் எடுக்கலாம் என்று ஷே கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். ஆனால் அவர் போட்டது மரத்தண்டவாளம். அதன்மேல் ஒரு சாதாரண நீராவி எஞ்சினை ஏற்றினால் தண்டவாளமே நார்நாராகப் போய்விடும்.

ஏன் அப்படி ஆகும் என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஷே பிறகு உருவாக்கிய எஞ்சினின் வரலாறு முழுவதும் அந்தக் காரணத்துக்குள்தான் இருக்கிறது.

நாம் படங்களில் பார்க்கும் நீராவி எஞ்சினில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள் படுக்கைவாக்கில் இருக்கும். உள்ளே பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வரும். அதனோடு சேர்ந்த நீளமான இரும்புத்தண்டு அந்த அசைவை நேராகப் பெரிய சக்கரங்களுக்குக் கொடுக்கும். பிஸ்டன் ஒரு தடவை போய்வந்தால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். சமவெளியில் விரைந்து ஓட இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மலையில் இதுவே இடைஞ்சல். தண்டு ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தைச் சம்மட்டிபோல் அடிக்கிறது. பெரிய சக்கரங்கள் ஒரே சட்டத்தில் விறைப்பாகக் கோத்திருப்பதால் நெருக்கமான வளைவில் திரும்ப முடியாது. சுழற்சியின் சில இடங்களில் தள்ளும் விசை அதிகமாகவும் சில இடங்களில் குறைவாகவும் வருவதால், ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் பிடி இழந்து நின்ற இடத்திலேயே சுழலும். கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டியோ வெறும் பாரம். அதன் சக்கரங்கள் இழுப்புக்கு உதவுவதில்லை.

ஷே இத்தனையையும் மாற்றினார். சிலிண்டர்களை எடுத்து எஞ்சினின் வலப்பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தினார். முதலில் இரண்டு, பிற்காலத்துப் பெரிய எஞ்சின்களில் மூன்று. அவை சுழற்றும் தண்டு எஞ்சினின் நீளத்துக்கு ஓரமாக ஓடும். அந்தத் தண்டில் சிறிய பல்சக்கரங்கள், வலப்பக்கச் சக்கரங்களின் வெளிமுகத்தில் பெரிய பல்சக்கரங்கள். சிறியது பல சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று நகரும். திருமலை மலைப்பாதையில் பேருந்து ஓட்டுநர் கொண்டை ஊசி வளைவுக்கு முன் கியரைக் குறைப்பதும் இதற்குத்தான்: வேகத்தை விட்டுக்கொடுத்து இழுப்பை வாங்குவது. ஷேயின் எஞ்சினுக்கு எப்போதும் முதல் கியர் மட்டும்தான்.

வளைவுக்கு என்ன செய்தார்? சக்கரங்களை நான்கு நான்காகச் சிறு பெட்டிகளில் அமைத்து, ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியே திரும்பும்படி செய்தார். ஓரத்தில் ஓடும் தண்டை ஒரே கம்பியாக வைக்காமல், எந்தப் பக்கமும் மடங்கும் மூட்டுகளாலும் நீண்டு சுருங்கும் சதுரக் குழல்களாலும் இணைத்தார். எஞ்சின் வளைந்தால் தண்டும் கூடவே வளையும். பின்வண்டியின் சக்கரங்கள் வரை அந்தத் தண்டு போகும். ஆகவே கரி, தண்ணீர், பாய்லர் என்று எஞ்சினில் உள்ள ஒவ்வொரு கிலோவும் இழுக்கும் சக்கரத்தின்மேல் அமர்ந்து பிடிமானம் கொடுத்தது. சிலிண்டர்கள் எல்லாம் வலப்பக்கம் போய்விட்டதால் எடை சமமாக நிற்கவேண்டுமே என்று பாய்லரை இடப்பக்கம் தள்ளி வைத்தார். முன்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் கோணலாக நிற்கும். இயந்திரங்களில் நான் மிகவும் மதிக்கும் அழகு இது. ஒவ்வொரு கோணலுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

ஒஹாயோ மாநிலத்தின் லைமா நகரில் இருந்த இயந்திரப் பட்டறை 1880இல் இந்த வடிவத்தில் எஞ்சின் கட்டிக்கொடுத்தது. 1881 ஜூன் 14இல் ஷேக்குக் காப்புரிமை கிடைத்தது. விவசாயக் கருவிகளும் அறுவை ஆலை இயந்திரங்களும் செய்துகொண்டிருந்த அந்தப் பட்டறை, மரவியாபாரிகள் வரிசையில் வந்து நின்றதால் பெரிய எஞ்சின் தொழிற்சாலையாக வளர்ந்தது. 1945 வரை சுமார் 2,770 ஷே எஞ்சின்கள் அங்கிருந்து வெளியேறின. போட்டிக்குப் பென்சில்வேனியாவில் இருவர் எழுந்தார்கள். கோரி நகரில் கிளைமாக்ஸ், ஈரி நகரில் ஹைஸ்லர். கிளைமாக்ஸில் தண்டு வண்டியின் நடுவயிற்றின் கீழே ஓடும். ஹைஸ்லரில் இரண்டு சிலிண்டர்கள் பாய்லருக்கு அடியில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து நிற்கும். மூன்றிலும் கருத்து ஒன்றுதான். எல்லாச் சக்கரமும் இழுக்கவேண்டும், பல்சக்கரம் வழியாக இழுக்கவேண்டும்.

ஷே எஞ்சின் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டுவதே அரிது. ஆனால் காதால் கேட்டால் அப்படித் தோன்றாது. பிஸ்டன் பல தடவை போய்வந்தால்தான் சக்கரம் ஒரு சுற்று போகும் என்பதால், புகைபோக்கியின் சத்தம் விரைவு ரயிலுடையதாக இருக்கும், வண்டி மனிதனின் நடையில் வரும். இறக்கத்திலும் இதே அமைப்பு கைகொடுத்தது. எல்லாச் சக்கரமும் ஒரே தண்டோடு பூட்டியிருப்பதால் எந்தச் சக்கரமும் தனியே வழுக்கிக்கொண்டு ஓட முடியாது.

ஷே அந்த எஞ்சினால் வந்த பணத்தில் மிச்சிகனின் ஹார்பர் ஸ்பிரிங்ஸ் ஊரில் போய்க் குடியேறினார். அங்கே இரும்புத் தகடுகளால் அறுகோண வடிவில் வீடு கட்டிக்கொண்டார். அது இன்றும் நிற்கிறது. ஊருக்குக் குடிநீர்க் குழாய் அமைத்தார். சொந்தமாக ஒரு குட்டி ரயில்பாதையும் ஓட்டினார். 1916இல் காலமானார்.

அவருடைய எஞ்சின் காடுகளுக்கு என்ன செய்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அதுவரை ஆறு இல்லாத மலையில் மரம் பத்திரமாக நின்றது. எடுத்துப்போக வழி இல்லாததுதான் அந்தக் காட்டுக்குக் காவல். ஷே எஞ்சினுக்கு நல்ல பாதை தேவைப்படவில்லை. மண்ணைச் சமன் செய்யாமல், வெட்டிய மரத்தையே குறுக்கே போட்டு, மெல்லிய தண்டவாளத்தை அதன்மேல் ஆணியடித்தால் போதும். நூறு அடிக்கு ஏழெட்டு அடி ஏற்றம் இருந்தாலும் ஏறிவிடும். ஒரு பள்ளத்தாக்கு மொட்டையானதும் தண்டவாளத்தைப் பிடுங்கி அடுத்த பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோவார்கள். மிச்சிகனின் வெள்ளைப் பைன் காடுகள் ஒரு தலைமுறைக்குள் தீர்ந்தன. எஞ்சின்கள் அப்பலாச்சியா மலைகளுக்கும் மேற்குக் கடற்கரையின் செம்மரக்காடுகளுக்கும் இடம்பெயர்ந்தன. அங்கே செம்மரம் என்றால் வானுயர்ந்த செக்வோயா. நம்மூர்ச் செம்மரம் வேறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆசியாவில் இந்த எஞ்சின் ஆழமாக வேர்விட்ட இடம் தைவானின் அலிஷான் மலை. தைவான் அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. மலையின் உச்சியில் ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டு வயதுள்ள சைப்ரஸ் மரங்கள் காடாக நிற்பதை ஜப்பானிய அதிகாரிகள் கண்டார்கள். ஜப்பானில் கோயில் கட்ட அந்த மரத்துக்கு இணை கிடையாது. தனியார் நிறுவனம் ஒன்று 1906இல் ரயில்பாதை போட ஆரம்பித்து இரண்டே ஆண்டில் கைவிட்டது. 1910இல் அரசே வேலையை எடுத்துக்கொண்டது. 1912இல் சியாயி நகரிலிருந்து மலைக்கு வண்டி ஓடியது. கடல் மட்டத்துக்குச் சுமார் 30 மீட்டர் உயரத்தில் கிளம்பும் பாதை 2,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. வழியில் துலிஷான் என்ற குன்றை மூன்று தடவை சுற்றிச் சுழன்று மேலே போகும். அதற்குமேல் சுற்ற இடமில்லாத இடத்தில் வண்டி முன்னே போய், நின்று, பின்னால் தள்ளி, மறுபடி முன்னே போய் என்று இசட் எழுத்து வடிவில் ஏறும்.

அந்தப் பாதைக்கு 20 ஷே எஞ்சின்கள் லைமாவிலிருந்து கப்பலில் வந்தன. சமவெளிக்கும் அடிவாரத்துக்கும் 18 டன் எஞ்சின், மலைக்கு 28 டன் எஞ்சின். தண்டவாளத்தின் அகலம் 762 மில்லிமீட்டர். எஞ்சின் எப்போதும் வண்டியின் கீழ்ப்பக்கத்தில் நின்று மேல்நோக்கித் தள்ளும். கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் உருண்டு ஓடிவிடாமல் எஞ்சினே தாங்கிக்கொள்ளும். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவை அங்கே உழைத்தன. 1960களில் டீசல் எஞ்சின் வந்தபிறகு ஓரம் கட்டப்பட்டன. பிறகு பயணிகளுக்காகச் சிலவற்றைப் பழுதுபார்த்து மறுபடி கொதிக்க வைத்தார்கள்.

அலிஷானில் ஒரு கல் கோபுரம் இருக்கிறது. வெட்டப்பட்ட மரங்களின் ஆவி அமைதியடைவதற்காக 1935இல் ஜப்பானியரே கட்டியது. மரத்தை வெட்டிக் கோயிலுக்கு அனுப்பியவர்களே அந்த மரத்துக்கு ஒரு சமாதியும் எழுப்பினார்கள். வெட்டியவர்கள் அவர்களே என்பதால் அந்தக் கோபுரத்தைப் போலி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. இரண்டாயிரம் ஆண்டு நின்ற ஒன்று விழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குள் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. மிச்சிகனில் அப்படி ஒரு கல் நாட்டப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை. 2009இல் மொரகோட் புயல் அலிஷான் ரயில்பாதையை உடைத்தது. முழுப் பாதையும் திரும்ப ஓடத் தொடங்கியது 2024 ஜூலையில்தான்.

நம் பக்கம் வருவோம். ரயில் வந்தபோது தென்னிந்தியக் காடுகளுக்கு முதலில் வந்த ஆபத்து மரம் ஏற்றும் ரயிலால் அல்ல, மரத்தை எரிக்கும் ரயிலால். சென்னை மாகாணத்துக்கு நிலக்கரி தூரம். ஆரம்பகால எஞ்சின்கள் விறகில் ஓடின. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளும் காட்டு மரமே. 1856இல் சென்னையிலிருந்து ஆர்க்காட்டுக்கு முதல் பாதை திறந்த சில ஆண்டுகளிலேயே, சென்னை மாகாண வனத்துறையைத் தொடங்கிய ஹியூ கிளெக்ஹார்ன் ரயிலின் பசியைப் பற்றிக் கவலையோடு எழுத ஆரம்பித்துவிட்டார். பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் சங்கா மங்கா என்ற இடத்தில், ரயில் எஞ்சினுக்கு விறகு கொடுப்பதற்கென்றே 1866இல் ஒரு காட்டை நட்டு வளர்த்தார்கள். அந்த விறகைச் சுமக்க அதற்குள் ஒரு குட்டி ரயில் ஓடியது.

காட்டுமரத்தை மலையிலிருந்து இறக்குவதற்கென்று தெற்கே போட்ட ரயில்பாதைகளில் பெரியது கொச்சி சமஸ்தானத்து வன டிராம்வே. அது போன இடம் ஆனைமலைத் தொடரின் பரம்பிக்குளம். தேக்குக்கும் ஈட்டிக்கும் பேர்போன காடு. மலையின் தமிழ்நாட்டுப் பக்கத்தில், பொள்ளாச்சிக்கு மேலே, வெட்டிய கட்டையைச் சரிவில் சறுக்கவிட்டுச் சமவெளிக்கு இறக்கினார்கள். டாப்ஸ்லிப் என்ற ஊருக்கு அப்படித்தான் பெயர் வந்தது. ஆனால் பரம்பிக்குளத்துத் தேக்கு மலைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. மேற்கே கொச்சித் துறைமுகம் வரை எடுத்துப்போக ஆறு உதவவில்லை. மாட்டுவண்டிக்கும் வழியில்லை.

கொச்சியின் திவானாக இருந்த பி. ராஜகோபாலாச்சாரி காலத்தில் இதற்குப் பாதை தேடும் பேச்சு சூடுபிடித்தது. பொறியாளர் ஒருவர் அளந்தார். மன்னர் ராமவர்மா ரயிலுக்காக எதையும் விற்கத் துணிந்தவர். ஷொரணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் கொண்டுவரத் திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று கொச்சியில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ரயில் 1902இல் ஓடியது. அதன் வழியில் இருந்த சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளத்துக்குச் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு மீட்டர் கேஜ் டிராம் பாதை போட்டார்கள். 1907இல் அது முறையாக இயங்கத் தொடங்கியது.

இங்கே ஷே எஞ்சின் வரவில்லை. கொச்சி எஞ்சின் வாங்கியது பெர்லினின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் நிறுவனத்திடம். பென்னோ ஓரன்ஸ்டைனும் ஆர்தர் கோப்பலும் 1876இல் தொடங்கிய அந்த நிறுவனம், சுரங்கம், கரும்புத் தோட்டம், காடு என்று உலகமெங்கும் குட்டி ரயில் விற்றது. தண்டால் ஓடும் சாதாரணச் சிறு எஞ்சின் அது. அடிவாரத்திலும் மேல்மட்டப் பள்ளத்தாக்கிலும் நன்றாக ஓடும். நடுவில் செங்குத்தான மலைச்சரிவு நின்றது. அதில் எந்த எஞ்சினையும் ஏற்ற முயலவில்லை. அங்கே அவர்கள் எஞ்சினையே வேண்டாமென்று விட்டுவிட்டார்கள்.

சரிவின்மேல் தண்டவாளம் உண்டு, எஞ்சின் கிடையாது. உச்சியில் ஒரு பெரிய உருளை. அதில் இரும்புக்கயிறு. கயிற்றின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் அடிவாரத்தில் காலி வண்டி. மேலே பாரவண்டியை விளிம்பில் தள்ளிவிட்டால் அதன் எடையே அதைக் கீழே கொண்டுபோகும், போகிற போக்கில் காலி வண்டியை மேலே இழுத்துக்கொடுக்கும். கரி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். உருளையின் தடையைப் பிடித்திருக்கும் ஆளின் கவனம் மட்டும் வேண்டும். அவன் ஒரு கணம் தளர்ந்தால் டன் கணக்கில் தேக்கு கட்டுப்பாடில்லாமல் கீழே பாயும். இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல சரிவுகளை வைத்து மலையைப் படிப்படியாக இறங்கினார்கள். காட்டுக்குள் வெட்டிய மரத்தை யானைகள் பாதை ஓரத்துக்கு இழுத்துவரும். மேல்மட்ட எஞ்சின் அதைச் சரிவின் விளிம்புக்குக் கொண்டுவரும். கயிறு கீழே இறக்கும். கீழே காத்திருக்கும் இன்னொரு எஞ்சின் சாலக்குடிக்கு இழுத்துப்போகும்.

ஷேயின் தீர்வையும் கொச்சியின் தீர்வையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. ஷேயின் பாதை மரம் தீரும்வரைதான். அதனால் பாதைக்குச் செலவு செய்யாமல் எஞ்சினுக்குச் செலவு செய்தார்கள். கொச்சி அரசு அந்தக் காட்டைத் தன் நிரந்தரச் சொத்தாகப் பார்த்தது. பாதைக்கும் பாலத்துக்கும் சரிவுக்கும் கொட்டிக்கொடுத்தது. அந்தச் செலவுதான் டிராமைக் கடைசிவரை விடாமல் துரத்தியது. மரம் விற்ற வருமானத்தைப் பராமரிப்பு விழுங்கியது. வேண்டுமா, மூடலாமா என்று கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது. சமஸ்தானம் போய்க் கேரள மாநிலம் வந்தபிறகு, 1963இல் டிராம் நின்றது.

ஆனால் அந்தப் பாதையில் மரம் மட்டும் வரவில்லை. 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி டிராமில்தான் மலைக்கு வந்தார். பரம்பிக்குளக் காட்டின் குரியார்குட்டியில் மனைவி தெஹ்மினாவோடு தங்கிப் பறவைகளைப் பார்த்தார். அந்த நாட்களைப் பிற்காலத்தில் தன் சுயசரிதையில் ஆசையோடு நினைவுகூர்ந்தார். இன்று அந்தப் பக்கம் புலிகள் காப்பகம். கேரளத்துக்குள் இருக்கும் பரம்பிக்குளத்துக்கு வண்டியில் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டு வழியாகத்தான் போகவேண்டும். டிராம் இருந்தபோது கேரளப் பக்கத்திலிருந்து நேரே ஏறிய மலைக்கு, டிராம் போனபின் அந்த வழி இல்லாமல் போனது. துணக்கடவு அருகே கன்னிமாரா தேக்கு நிற்கிறது. நாட்டின் மிகப்பெரிய தேக்குகளில் ஒன்று. வயது 400 ஆண்டுக்கு மேல் என்கிறார்கள். வெட்டப் போனபோது ரத்தம் வந்தது என்பது அங்குள்ள பழங்குடி மக்களின் கதை. அவர்கள் அதைக் கும்பிடுகிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தேக்கைத் தேடிவந்த டிராம் அதை எடுத்துப்போகவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பல்சக்கரத்தோடு ஓடும் நீராவி எஞ்சின் தமிழ்நாட்டில் இருக்கிறதே என்று நீலகிரி ரயிலை யாராவது நினைவூட்டலாம். இருக்கிறது. ஆனால் பல் இருக்கும் இடம் வேறு. ஷே எஞ்சினில் பல்சக்கரம் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறது. சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தில்தான் ஓடும். நீலகிரியில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே தரையிலேயே பல் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் வகுத்த முறை அது. இரண்டு பல்பட்டைகள் அக்கம்பக்கமாக இருக்கும், ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் இடைவெளி. எப்போதும் ஏதாவது ஒரு பல் பிடித்துக்கொண்டே இருக்கும். சுமார் 12 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தைப் பயணிகளோடு ஏற அதுவே வழி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும் ஊட்டிக்கு 1908இலும் வண்டி போனது.

அங்கே ஓடும் எக்ஸ் வகை எஞ்சினை விண்டர்தூர் நகரின் சுவிஸ் தொழிற்சாலை 1914 தொடங்கி 1952 வரை செய்துகொடுத்தது. அதற்கு நான்கு சிலிண்டர்கள். சமதரையில் கீழிரண்டும் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். பல் தொடங்கும் இடம் வந்ததும் கீழிரண்டில் வேலை முடித்த நீராவி மேலிரண்டுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். அலிஷானைப்போல இங்கும் எஞ்சின் கீழ்ப்பக்கத்தில் நின்று தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் தடையைப் பிடிக்க ஒருவர் நிற்பார். விண்டர்தூரிலிருந்து புதிய எஞ்சின் வர வழியில்லாமல் போனபோது திருச்சி பொன்மலைப் பணிமனை தானே செய்ய முன்வந்து, 2011 முதல் புதிய எக்ஸ் எஞ்சின்களைக் கட்டி அனுப்புகிறது. உலகத்தில் எங்கேயும் நீராவி எஞ்சினைப் பழுதுபார்ப்பவர்களே அருகிவிட்ட காலத்தில் திருச்சியில் புதிதாகக் கட்டுகிறார்கள். தமிழ்நாடு இதை இன்னும் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம்.

சித்தூரில் இருந்துகொண்டு மரமும் மலையும் ரயிலும் என்று யோசித்தால் சேஷாசல மலை நினைவுக்கு வராமல் இருக்காது. இந்தத் திருப்பதி மலைகளிலும் கடப்பா, நெல்லூர்ப் பக்கத்து மலைகளிலும்தான் செம்மரம் பெரும்பாலும் இயற்கையாக வளர்கிறது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். ஒரு காலத்தில் அதன் சிவப்புச் சாயத்துக்காக ஐரோப்பியக் கப்பல்கள் சோழமண்டலக் கரையில் ஏற்றின. இன்று சீனாவில் அறைகலனாகவும், ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பிசைக் கருவியின் கழுத்தாகவும் ஆகிறது. அலிஷான் சைப்ரஸ் போன அதே நாடுதான்.

ஆனால் சேஷாசலத்துக்கு ஒரு டிராம் கூடத் தேவைப்படவில்லை. விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு மீட்டர் கேஜ் ரயில் 1890களின் தொடக்கத்திலேயே மலையடிவாரத்துக்கு வந்துவிட்டது. அதிலிருந்து மலைக்குள் மரத்துக்கென்று ஒரு கிளை போடவேண்டும் என்று யாரும் மெனக்கெடவில்லை. காரணம் மரத்தின் தன்மை. தேக்கு கூட்டமாகவும் நெட்டையாகவும் நிற்கும், கட்டை பெரிது, விலை எடைக்கு மிதமானது. செம்மரம் வறண்ட பாறைச்சரிவில் இங்கொன்று அங்கொன்றாக நிற்கும், மெலிந்தது, மெதுவாக வளர்வது. பிற்காலத்தில் விலை ஏறியபோது சிறு துண்டுக்கே பெரும் பணம் கிடைத்தது. அந்த விலையில் அதைச் சுமக்க இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு மனிதனின் தோள் போதும்.

அந்தத் தோள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. ஜவ்வாதுமலை, கல்வராயன்மலை ஊர்களிலிருந்து ஆட்களைக் கூலிக்கு அழைத்துவந்து மலையில் ஏற்றினார்கள் கடத்தல்காரர்கள். வெட்டுவதும், வண்டி நிற்கும் இடம் வரை கட்டையைச் சுமப்பதும் அவர்கள் வேலை. ஆபத்தும் அவர்களுடையது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலத்தில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். கட்டையை வாங்கியவர்கள் யாரும் அந்த மலையில் இல்லை. ஷேயின் காட்டில் குதிரையின் இடத்தை எஞ்சின் எடுத்துக்கொண்டது. இங்கே குதிரையின் இடத்தில் மனிதன் நின்றான், அவனை விடுவிக்க எந்தப் பட்டறையும் எதுவும் செய்யவில்லை. இதை ஒரு கடத்தல் வழக்காக மட்டும் பார்த்து முடித்துவிடக் கூடாது. அந்த மலையூர்களில் வேலை இருந்திருந்தால் அவர்கள் ஏறியிருக்கமாட்டார்கள்.

ஷே எஞ்சினின் கடைசிக் காலம் அதைவிட நல்லபடியாக அமைந்தது. 1945இல் லைமா கட்டிய கடைசி ஷே, வெஸ்டர்ன் மேரிலாண்ட் 6ஆம் எண், மேற்கு வர்ஜீனியாவின் காஸ் என்ற மரவெட்டி ஊரில் இருக்கிறது. அங்கே அறுவை ஆலை 1960இல் மூடியது. தண்டவாளத்தைப் பழைய இரும்புக்கு விற்பதற்குள் மாநில அரசு தலையிட்டு வாங்கியது. 1963 முதல் மரம் ஏற்றிய வண்டிகளில் பயணிகள் ஏறுகிறார்கள். 1905இல் கட்டிய 5ஆம் எண் எஞ்சின் நூறு அடிக்குச் சுமார் பத்து அடி ஏறும் அந்தச் சரிவில் அவர்களைத் தள்ளிக்கொண்டு போகிறது. மொட்டையாக்கப்பட்ட அந்த மலையில் மறுபடி காடு வளர்ந்துவிட்டது.

செம்மரத்துக்கும் ஒரு மாற்றம் தொடங்கியிருக்கிறது. 2023 நவம்பரில், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கண்காணிக்கும் சைட்டிஸ் அமைப்பு, செம்மரத்துக்காக இந்தியாவின்மேல் வைத்திருந்த சிறப்புக் கண்காணிப்பை விலக்கிக்கொண்டது. பட்டா நிலத்தில் செம்மரம் நட்ட விவசாயிகள் அதை முறையாக வெட்டி ஏற்றுமதிக்குக் கொடுக்க இதனால் வழி திறந்திருக்கிறது. நட்ட மரம் முற்றப் பல ஆண்டுகள் ஆகும். அது முற்றி வெட்டப்படும்போது அடிமாட்டு விலைக்கு இடைத்தரகரிடம் போகாமல், எடை போட்டு, ரசீது கொடுத்து, லாரியில் ஏற்றி அனுப்பும் ஏற்பாட்டை ஆந்திர அரசும் தமிழ்நாட்டு அரசும் சேர்ந்து இப்போதே செய்யவேண்டும். அந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஜவ்வாதுமலைக்காரர்களை முதலில் கூப்பிடவேண்டும்.